வாசிப்பில் தடக்கும் சொற்களுக்கு ஒரு சிறு செயலி

என் மேசை லாச்சிக்குள் மூன்று சி.ஆர். கொப்பிகள் கிடக்கின்றன. மூன்றும் சொற்கொப்பிகள், வாசிக்கும்போது விளங்காத சொல்லை இடப்பக்கமும் பொருளை வலப்பக்கமும் எழுதி வைத்தவை. முதலாவது கொப்பியில் ‘எயிறு – பல்’ என்று இருக்கிறது. மூன்றாவதிலும் அதே இருக்கிறது, ஏதோ அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டதுபோல. கொப்பியில் ஏறிய சொல் தலையில் ஏறவில்லை. அந்தக் கடுப்பில்தான், சொல்லை மறக்கவிடாமல் திரும்பத் திரும்பக் கேட்கும் செயலி ஒன்று செய்யத் தொடங்கினேன்.

அப்படியொன்றை நீங்களே செய்துகொள்ளலாம். எச்.ரி.எம்.எல். பக்கம் ஒன்று எழுதத் தெரிந்து, ஜாவாஸ்கிரிப்டைக் கொஞ்சம் தொட்டிருந்தால் போதும். சேர்வர் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம். போன் உலாவியில் ஓடும் ஒரே ஒரு பக்கம். அட்டை காட்டி நினைவைச் சோதிக்கும் ஆன்கி என்ற செயலி 2006இலிருந்து இருக்கிறதே, பிறகு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். நல்ல செயலிதான். ஆனால் தமிழ்ச் சொல் வரிக்குள் உருமாறி நிற்பதும், ஒரே எழுத்தை இரண்டு விதமாகத் தட்டுவதும் நமக்கே உரிய தலையிடிகள். அவற்றை நமக்கேற்றபடி தீர்த்துக்கொள்ளச் சொந்தச் செயலி வசதி.

முதலில் கணினியை மூடி வையுங்கள்

பழைய கலியாண அழைப்பிதழ்களை வெட்டினால் நல்ல தடித்த அட்டை கிடைக்கும். இருபது அட்டை, ஒரு சப்பாத்துப் பெட்டி, உள்ளே ஐந்து தடுப்பு. புதுச் சொல் எல்லாம் முதல் தடுப்பில். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும். பிழைத்தால், எங்கே இருந்தாலும் முதல் தடுப்புக்கே திரும்பி வரும். முன்தடுப்பை அடிக்கடியும் பின்தடுப்புகளை அரிதாகவும் பார்க்க வேண்டும். செபாஸ்டியன் லைட்னர் என்ற அறிவியல் எழுத்தாளர் 1970களின் தொடக்கத்தில் பரப்பிய முறை இது. நாம் செய்யப்போகும் செயலியின் மூளை இவ்வளவுதான்.

இரண்டு கிழமை காகிதத்திலேயே ஓட்டுங்கள். நேரம் வீணாகும் என்று நினைக்க வேண்டாம். எனக்கு இந்தச் செயலியின் முக்கியமான விடயம் காகிதத்தில்தான் வெளித்தது.

அண்ணாவின் மகள் உயர்தரத்துக்குத் தமிழ் படிக்கிறாள். அவளிடம் பத்து அட்டை கொடுத்தேன். ஒன்றில் ‘பிடி’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“என்னத்தைப் பிடிக்கிறது, சித்தப்பா?”

திருப்பிப் பார்த்தாள். ‘பெண் யானை.’ சிரித்துவிட்டுக் கீழே வைத்தாள். மூன்று நாள் கழித்துக் கேட்டால் மறுபடியும் அதே சிரிப்பு, பொருள் மட்டும் வரவில்லை. அட்டையை மாற்றி எழுதினேன்: ‘கன்றை முன்னே விட்டுப் பிடி பின்னே நடந்தது.’ இந்த முறை கொஞ்சம் யோசித்தாள். கன்று இருக்கிறது, பின்னே நடப்பது தாயாகத்தான் இருக்க வேண்டும். பொருளை நான் சொல்லவில்லை, அவளே எட்டிப் பிடித்தாள். அடுத்த கிழமை அட்டையை எடுக்கும் முன்னமே வரி முழுவதும் அவள் வாயில் வந்தது.

அன்றிலிருந்து என் செயலியில் தனிச்சொல் அட்டை கிடையாது. வரி இல்லாவிட்டால் சேமிக்கும் பொத்தான் வேலை செய்யாது. கண்டிப்புத்தான். ஆனால் ‘வேழம்’ யானையா கரும்பா என்று முடிவு செய்வது அகராதி அல்ல, அந்தச் சொல் நின்ற வரி. நீங்கள் வாசித்த புத்தகத்து வரியே என்றால் இன்னும் நல்லது. அந்தப் பக்கமும் அன்றைக்கு இருந்த கதிரையும்கூடக் கூடவே நினைவுக்கு வரும்.

ஒரு அட்டைக்குள் என்னென்ன

எட்டு விடயங்கள்: வரியில் கண்ட உருவம், அடிச்சொல், வரி, பொருள், எங்கே கண்டது, தடுப்பு எண், அடுத்த திகதி, எத்தனை முறை மறந்தது. ஜாவாஸ்கிரிப்டில் இது ஒரு ஒப்ஜெக்ட். எல்லா அட்டையும் சேர்ந்து ஒரு அரே. இதற்குமேல் படம், ஒலி, வகைப்பிரிப்பு என்று ஆசை வரும். வரட்டும், முதல் மாதம் உள்ளே விட வேண்டாம்.

உருவம், அடிச்சொல் இரண்டும் ஏன் தனித்தனி? ‘நோற்றாள்’ என்று புத்தகத்தில் இருக்கிறது. அகராதியில் அப்படி ஒரு தலைச்சொல் இல்லை. ‘நோல்’ என்று தேட வேண்டும். ‘கற்றான்’ என்றால் ‘கல்’. ‘பொற்குடம்’ என்றால் ‘பொன்’, ‘குடம்’. ‘வாட்டடங்கண்’ணைப் பிரித்தால் ‘வாள்’ வருகிறது. வாட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதையெல்லாம் செய்நிரல் தானாகப் பிரிக்க வேண்டும் என்று தொடங்கினால் நீங்கள் ஓய்வூதியம் எடுக்கும்வரை செயலி வெளிவராது. நான் ஒரு மாதம் அதில் தொலைத்தேன். அடிச்சொல்லை ஆளே தட்டட்டும். ‘நோற்றாள்’ எதிலிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துத் தட்டுவதும் படிப்புத்தானே.

பொருளுக்கு எங்கே போவது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. சிக்காகோப் பல்கலைக்கழகத் தளத்தில் தேடக்கூடியபடி கிடைக்கிறது. தமிழ் விக்சனரியும் உதவும். ஈழத்துப் பழைய நூல்களுக்கு நூலகம் எண்ணிம நூலகம் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை வருடிய பக்கங்கள் என்பதால் வரியைக் கையால்தான் தட்ட வேண்டும். அச்சுப் புத்தகம்தான் கைக்கு வசதி என்றால் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கவே இருக்கிறது. அகராதிப் பொருளை அப்படியே ஒட்டாதீர்கள். பேரகராதி ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் தரும். உங்கள் வரிக்குப் பொருந்துவது ஒன்றுதான். அதை உங்கள் வாய்மொழியில் ஐந்தாறு சொல்லுக்குள் எழுதுங்கள்.

எப்போது கேட்பது

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். பரிசோதித்தவரும் அவர்தான், பரிசோதனைக்கு உட்பட்டவரும் அவர்தான். ஒரு நாள் கழித்து அதே பட்டியலை மீண்டும் படிக்கும்போது முன்பு செலவான உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமானது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது. அதாவது, முதல் நாளில்தான் பெரும்பகுதி போகிறது. பிறகு மறதி மெதுவாகிறது. ஆகவே முதல் கேள்வி மறுநாளே வர வேண்டும், பிறகு இடைவெளி விரிந்துகொண்டே போகலாம்.

என் ஐந்து தடுப்புகளுக்கும் 1, 3, 7, 16, 35 நாள் என்று வைத்திருக்கிறேன். இது வேதவாக்கு இல்லை. சூப்பர்மெமோ என்ற மனனச் செயலிக்காக பியோட்டர் வோஸ்னியாக் 1987இல் உருவாக்கிய எஸ்.எம்.-2 முறையில் முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6, பிறகு ஒவ்வொரு முறையும் முந்திய இடைவெளியை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண் 2.5இல் தொடங்கி, சொல் கடினமாக இருந்தால் 1.3 வரை இறங்கும். அழகான முறை. ஆனால் புதிதாகச் செய்பவருக்கு ஐந்து தடுப்பே போதும் என்பது என் எண்ணம். பிழை வந்தால் எங்கே பிழை என்று கண்ணால் பார்க்கலாம்.

ஒரு சின்னக் கணக்குப் பார்த்துவிடுங்கள். நாளுக்கு 5 புதுச் சொல் சேர்த்தால், ஒவ்வொன்றும் ஐந்து முறை கேட்கப்படும். ஆகவே நாளொன்றுக்குச் சராசரி 25 கேள்வி, மறந்தவையும் சேர்ந்தால் 30 என்று வையுங்கள். கேள்விக்குப் பத்து விநாடி என்றால் ஐந்து நிமிடம். காலி வீதியில் 101 பஸ் வெள்ளவத்தைச் சந்தியிலிருந்து பம்பலப்பிட்டி போய்ச் சேருமுன்னமே முடிந்துவிடும், காலை நெரிசலில் என்றால் இரண்டு தரம் முடியும். ஆனால் இந்தப் பாரம் முதல் கிழமையில் தெரியாது. 1, 3, 7, 16, 35ஐக் கூட்டினால் 62. ஒரு சொல் ஐந்து தடுப்பையும் கடக்க இரண்டு மாதம். அதனால் முதல் கிழமை இலேசாக இருக்கிறதே என்று நாளுக்கு இருபது சேர்ப்பவர், இரண்டாம் மாதம் தினமும் நூறு கேள்விக்கு முன்னால் முழிப்பார். புதுச் சொல்லுக்கு நாள் எல்லையைச் செய்நிரலிலேயே போட்டுவிடுங்கள்.

திகதியில் ஒரு பொறி இருக்கிறது. நான் விழுந்தேன், நீங்கள் விழ வேண்டாம். ஒருநாள் விடிய ஐந்து மணிக்கு எழும்பிச் செயலியைத் திறந்தால், ‘இன்று ஒன்றும் இல்லை’ என்றது. அன்றைக்கு முப்பது அட்டை வர வேண்டும். ஆறு மணிக்கு மறுபடி திறந்தேன், முப்பதும் நிற்கின்றன. விடயம் இதுதான்: இன்றைய திகதியை எழுத்தாக எடுக்க எல்லோரும் முதலில் பிடிப்பது ஐ.எஸ்.ஓ. வடிவம் தரும் கட்டளையை. அது சர்வதேசப் பொதுநேரத்தைத் தரும். இலங்கை அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னே. ஆகவே அதிகாலை 5.30 வரை செயலிக்கு நேற்றுத்தான். உள்ளூர் ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாக எடுத்துச் சேர்த்தால் சரியாகிவிடும். (ஜாவாஸ்கிரிப்டுக்கு ஜனவரி 0ஆவது மாதம் என்பதையும் மறக்க வேண்டாம்.) நள்ளிரவு தாண்டிப் படிப்பவர் வீட்டில் இருந்தால், நாள் மாறுவதை அதிகாலை 4 மணிக்கு வையுங்கள், ஆன்கியும் வழமையாக அப்படித்தான் வைக்கிறது.

திரைகள் இரண்டு

சேர்க்கும் திரை, கேட்கும் திரை. வேறு வேண்டாம். கேட்கும் திரையில் வரி பெரிதாக, சொல் தடித்த எழுத்தில். கீழே ‘காட்டு’ என்ற பொத்தான். தட்டினால் அடிச்சொல்லும் பொருளும், அவற்றின் கீழ் இரண்டு பொத்தான்.

அந்த இரண்டு பொத்தானில் என்ன எழுதுவது என்பதில் நான் எதிர்பாராத அளவுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. முதலில் ‘தெரியும்’, ‘தெரியாது’ என்று போட்டேன். யாருக்குத்தான் ‘தெரியாது’ என்று அமத்த மனம் வரும்? பொருளைப் பார்த்தவுடன் ‘ஓ, இது தெரியுமே’ என்று எல்லோரும் தெரியும் பக்கமே போனார்கள். ‘நினைவு வந்தது’, ‘வரேல்லை’ என்று மாற்றியபிறகு கை கொஞ்சம் நேர்மையானது. தெரியாமல் இருப்பது வெட்கம், மறப்பது வெட்கமில்லை போலும்.

விடையைத் தட்டச் சொல்லித் திருத்தும் வழியும் உண்டு. பொருளுக்கு அது ஒத்துவராது. ‘பெண் யானை’ என்றாலும் ‘பெட்டை யானை’ என்றாலும் சரிதான், செய்நிரலுக்கு அது விளங்காது. அடிச்சொல்லைத் தட்டச் சொல்வது மட்டும் சரிவரும். அதற்கும் கீழே சொல்வதைச் செய்த பிறகுதான்.

தமிழ் எழுத்து தரும் தொல்லைகள்

யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம்: ‘க’வோடு ஒரே ஒகரக்குறி, அல்லது ‘க’வோடு கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. சரியாகத் தட்டியவரைப் பிழை என்று சொல்லும் செயலியை இரண்டாம் தரம் யாரும் திறக்க மாட்டார்கள். இதற்கு ஜாவாஸ்கிரிப்டில் நோர்மலைஸ் என்று ஆயத்தமான கட்டளை இருக்கிறது, என்.எஃப்.சி. வடிவத்தைக் கேளுங்கள். சேமிக்கும்போதும் ஒப்பிடும்போதும் இரண்டு பக்கமும் அதனூடாகப் போக வேண்டும்.

அதற்கு அடங்காத ஒன்று இருக்கிறது. ‘கௌரவம்’ என்பதைப் பாதிப்பேர் ‘கெளரவம்’ என்று தட்டுகிறார்கள்: கொம்பு, பிறகு முழு ளகரம். நோர்மலைஸ் இதைத் தொடாது, தொடவும் கூடாது. நான் என்ன செய்தேன், கொம்புக்குப் பின்னால் ளகரம் வந்தால் ஔகாரக்குறியாக மாற்று என்று ஒரு வரி எழுதினேன். கௌரவம் சரியாகியது. ‘வெளவால்’ ‘வௌவால்’ ஆனது. மகிழ்ச்சி. அடுத்தநாள் அண்ணாவின் மகள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “சித்தப்பா, எங்கட ஊரையே உடைச்சுப் போட்டீங்கள்.” வெள்ளவத்தையின் முதல் ளகரம் தொலைந்து, அதன் புள்ளி மட்டும் புள்ளிவட்டம் ஒன்றின் தலையில் அந்தரத்தில் தொங்கியது. கெளுத்தி மீனுக்கும் அதே கதிதான் என்று பிறகு கண்டேன். ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்ற நிபந்தனையைச் சேருங்கள். நான் இதுவரை சேர்த்த சொற்களுக்கு அது போதுமாக இருந்தது.

எழுத்து எண்ணுவதிலும் கவனம். ‘களிறு’ நமக்கு மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்டின் நீளக் கணக்குக்கு ஐந்து. முதல் எழுத்தைக் காட்டி மற்றதை மறைக்கும் குறிப்பு ஒன்று வைக்க விரும்பினால், நீளத்தை நம்பி வெட்டாதீர்கள். கால் இல்லாத எழுத்தும் எழுத்து இல்லாத காலும் திரையில் அலையும். இன்ட்ல் செக்மென்டர் என்ற வசதி எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும்.

பாமினி. நம்மவர் கணினியில் இருக்கும் பழைய கோவைகளில் பாதி அந்த எழுத்துருவில்தான் கிடக்கும். அவற்றிலிருந்து வரியை வெட்டி ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக வரும். ஒட்டும் பெட்டியில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை என்றால், ‘யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்’ என்று ஒரு செய்தி காட்டினால் போதும். மாற்றி தனியாக நிறையக் கிடைக்கிறது, அதையும் நீங்கள் எழுத வேண்டாம்.

சேமிப்பு

தொடக்கத்துக்கு உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜ் போதும். ஏறத்தாழ 5 எம்.பி. இடம் தரும், சில ஆயிரம் அட்டைக்குத் தாராளம். அரேயை ஜேசன் எழுத்தாக்கி ஒரே பெயரில் வைப்பது. திறக்கும்போது திருப்பி எடுப்பது. அவ்வளவுதான்.

ஆனால் உலாவியின் சேமிப்பு நம் சொத்து இல்லை, இரவல் இடம். போனில் இடம் போதவில்லை என்று உலாவித் தரவைத் துடைத்தேன். நானூறு சொல் போனது. அதைவிடச் சத்தமில்லாமல் போகும் வழியும் உண்டு. ஐபோனின் சஃபாரியில் ஒரு தளத்தை, உலாவியைப் பயன்படுத்தும் ஏழு நாள் தொடாவிட்டால், அந்தத் தளம் சேமித்தவற்றை அது நீக்கிவிடும். பக்கத்தை முகப்புத் திரையில் சேர்த்து, அங்கிருந்தே திறந்து பழகினால் இந்த விதி பிடிக்காது. எதுவானாலும், ‘பிரதி எடு’ என்று ஒரு பொத்தான் முதல் நாளிலேயே வையுங்கள்: தட்டினால் ஜேசன் கோவை ஒன்று இறங்க வேண்டும். அதைத் திருப்பி ஏற்ற இன்னொரு பொத்தான். இரண்டையும் உண்மையாகவே ஒருமுறை செய்து பாருங்கள். நான் ஏற்றும் பொத்தானை வைத்துவிட்டுச் சோதிக்காமல் இருந்தவன்.

இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். டேட்டா முடிந்த மாதக் கடைசியில்தான் பஸ்ஸில் இருந்து படிக்கத் தோன்றும். சேர்விஸ் வேர்க்கர் என்று ஒரு சிறு கோவை பக்கத்தைப் போனிலேயே பிடித்து வைத்திருக்கும். அதற்குப் பக்கம் எச்.ரி.ரி.பி.எஸ். முகவரியில் இருக்க வேண்டும். கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றினால் அது தானாகக் கிடைக்கும். எழுத்துருவை வெளியிலிருந்து இழுக்காமல் கூடவே வையுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். வரி இடைவெளியை 1.6 அளவுக்கு விட்டால் மேலே இகர வளைவும் கீழே உகரச் சுழியும் இடிபடாது.

சேர்விஸ் வேர்க்கரில் ஒன்று மட்டும். பிடித்து வைத்த பக்கத்தை அது இலேசில் விடாது. நீங்கள் பிழையைத் திருத்தி ஏற்றினாலும் மற்றவர் போனில் பழையதே ஓடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் உள்ளே இருக்கும் சேமிப்புப் பெயரின் இலக்கத்தைக் கூட்ட வேண்டும், பழைய பெயரில் இருப்பதை அழிக்கவும் வேண்டும். நான் கூட்ட மறந்ததால், ஊரைச் சரிசெய்து ஏற்றிப் பத்து நாளாகியும் அண்ணாவின் மகளின் போனில் வெள்ளவத்தை உடைந்தேதான் இருந்தது.